கறுப்புத் திரைக்குள் ஒரு கை

"பல்லைப் பிடிச்சுப் பாக்கேலாதே," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"கமெராவுக்குப் பல்லில்லை அண்ணை," என்றாள் சிசிலியா. யாழ்ப்பாணப் பட்டினத்தில் படம் பிடிக்கும் கடை வைத்திருந்த செபநாயகத்தின் மனைவி அவள்.

மேசையருகே இரண்டு கமெராக்கள் இருந்தன. ஒன்று முக்காலியில் நிற்கும் பெரிய தேக்குப் பெட்டி. மற்றது மடித்துப் பையில் வைக்கக்கூடிய சின்னது. அச்சுவேலியில் மாடு வாங்குகிறவர்கள், பல்லும் சுழியும் பார்த்துச் சொல்ல முதலில் ஆழ்வாப்பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பெரியதைச் சுற்றி வந்தார். விலாவில் தட்டினார். சுழி பிழையாக இருக்குமோ என்று குனிந்தும் பார்த்தார். எதையும் தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

வந்த காரணத்தைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது. கனிசியஸின் வாடகைக் காரில் எங்கே போனாலும் எல்லாரும் சேர்ந்து ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். மூன்றாம் அடி வரும்போது ஆழ்வாப்பிள்ளையின் மனைவி பராசக்திக்கு வேறொரு முகம் வந்துவிடும். பதினொரு வருசமாக வீட்டில் அவர் காணாத முகம். கார் நின்றதும் அது போய்விடும். அதைப் பிடித்து வைக்க வேண்டும். காலையில் அவள் அளவெட்டிக்குத் தமக்கை வீட்டுக்கென்று போனதும் இவர் புறப்பட்டுவிட்டார்.

"விலையை அவரோடை கதைக்கிறன். எங்கை ஆள்?"

"அந்த அறைக்குள்ளை படம் கழுவுப்படுது. திரையை விலக்காதேங்கோ, வெளிச்சம் பட்டால் எல்லாம் பாழ்."

அறை வாசலில் கறுப்புத் திரை தொங்கியது. அதைக் கண்டதும் ஆழ்வாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. சால்வைக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். பட்டினத்திலும் முறை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, திரையின் ஓரத்தால் கையை உள்ளே விட்டார்.

"அண்ணை..." என்று தொடங்கிய சிசிலியா, ஏனோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே ஈரமாய்க் குளிர்ந்த ஒரு கை அகப்பட்டது. படம் கழுவும் மருந்தின் வினாகிரி மணம் வந்தது. கை ஒருகணம் திடுக்கிட்டு அடங்கியது.

"பெரிசுக்கு," என்று திரையைப் பார்த்துச் சொல்லி, இரண்டு விரலை அழுத்தினார். அந்தக் கை அவருடைய ஐந்து விரலையும் பிடித்தது. சந்தைப் பழக்கம் உள்ள கைதான். அவர் மூன்றாக்கினார். அது ஐந்தை இரண்டுமுறை பிடித்தது. அவர் ஏற ஏற, அதுவும் ஏறியது.

பதற்றத்தில் அவர் காரில் பாடும் பாட்டை முணுமுணுத்தார். உடனே அந்தக் கை அவர் உள்ளங்கையில் தாளம் போட்டது. மூன்றாம் அடியில் விடவேண்டிய இடத்தைச் சரியாக விட்டும் போட்டது. செபநாயகமும் கனிசியஸின் காரில் போயிருக்கிறார் போலும். பாட்டுத் தெரிந்த மனிதர் கழுத்தறுக்கமாட்டார் என்று நம்பி, "சரி, சின்னது," என்றார்.

கை அவருடைய விரல்கள் எல்லாவற்றையும் மடக்கி வெளியே தள்ளியது.

"என்ன காணும் இது? பெரிசுக்கு ஆனை விலை. சின்னனைத் தரவும் மாட்டீர்." மறுபடியும் கையை உள்ளே விட்டார். இனி மறைத்துப் பயனில்லை. "கேளும். நான் பவிசு காட்ட வாங்கேல்லை. என்ரை மனுசி காரிலை பாடேக்கை அவவுக்கு ஒரு முகம் வரும். வீட்டிலை அது வாறேல்லை. பிழை என்னிலைதான் போலை கிடக்கு. அதை ஒருக்கால் வைச்சுப் பாக்கவேணும். அவ்வளவுதான்."

அந்தக் கை மெதுவாக அவருடைய கையைப் பற்றியது. விலை சொல்லவில்லை, விடவுமில்லை. தாலி கட்டிய நாளில்கூட ஒரு கையை இவ்வளவு நேரம் பிடித்திருந்ததாக அவருக்கு நினைவில்லை.

இழுத்துப் பார்த்தார். வரவில்லை. படமெடுக்க வந்த இரண்டு பேர் வாங்குப் பலகையில் இருந்து பார்த்தார்கள். காரில் காத்திருந்து களைத்த கனிசியஸும் உள்ளே வந்தான்.

"ஐயா, மாட்டுப்பட்டிட்டியளோ?"

அவன் அவருடைய இடுப்பைப் பிடித்து இழுத்தான். வேட்டிதான் தளர்ந்தது.

"தங்கச்சி," என்றார் ஆழ்வாப்பிள்ளை, மற்றக் கையால் வேட்டியைப் பிடித்தபடி. "உம்மடை மனுசனைக் கையை விடச்சொல்லும். சனம் பாக்குது."

"என்ரை மனுசன் விடியவே வல்வெட்டித்துறைக்குக் கலியாணப் படம் எடுக்கப் போட்டார் அண்ணை," என்றாள் சிசிலியா. "உள்ளுக்கை நிக்கிறது உங்கடை மனுசி. போன மாசம் இதே மாதிரிச் சின்னன் ஒண்டு வாங்கினவ, நீங்கள் காரிலை பாடேக்கை உங்களுக்குத் தெரியாமல் எடுத்த உங்கடை படத்தைத்தான் கழுவுறா."