பாதிக்குக் கீழே இறங்காத உக்கிரபாண்டி

போடிமெட்டுச் சரிவில் ஏலக்காய்த் தோட்டமும் ஒரு டீசல் ஜீப்பும் வைத்திருந்த உக்கிரபாண்டி, எண்பத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு சபதம் செய்தார். பேட்டரி விஷயத்தில் மட்டும் பெண்டாட்டிக்குப் பணிவதில்லை!

மற்ற எல்லாவற்றிலும் பணிந்தவர்தான். சட்டை நிறம் முதல் சாம்பார் உப்பு வரை அன்னக்கொடி வைத்ததுதான் சட்டம். ஆனால் கூரையில் சோலார் தகடு மாட்டிய மதுரைக்காரர், "பேட்டரியில பாதியைத்தான் செலவழிக்கணும். பாதிக்குக் கீழ எறக்குனா சீக்கிரம் செத்துரும்" என்று சொல்லிப்போனார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கைக்கும் ஒரு சட்டம் வந்ததே என்று உக்கிரபாண்டி பூரித்துப்போனார். பேட்டரித் தண்ணீரை உறிஞ்சிச் சோதிக்கும் கண்ணாடிக் குழாய் ஒன்றும் வாங்கினார். உள்ளே மிதவை பச்சையில் நின்றால் நிறைவு. சிவப்பில் விழுந்தால் காலி.

"ஒரு மணி நேரந்தான் லைட்டு. அதுக்கு மேல ஒரு நிமிஷம் கெடையாது."

"காய் தரம் பிரிக்க மூணு மணி நேரம் வேணுங்க. சிம்னி வெளக்குல பச்சைக் காயும் வெளுத்த காயும் ஒன்னாத் தெரியுது."

"பேட்டரி செத்துப்போனா நீ உசுரு குடுப்பியா?"

"என் கண்ணு போனா நீங்க குடுப்பீகளா?"

போடி கமருதீன் கடைக்குக் காய் பிரித்துக் கொடுப்பது அன்னக்கொடியின் சொந்தச் சம்பாத்தியம். அதை அவள் விடுவதாக இல்லை. அவரும் அசையவில்லை. கடைசியில் அவள், "சரிங்க, ஒரு மணி நேரமே போதும்" என்றாள். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவர் அந்தச் 'சரி'யைக் கேட்டுப் பயந்திருக்க வேண்டும். அவர் மீசையை முறுக்கினார்.

சாயங்காலமானால் டீக்கடையில் சீட்டு; வீடு திரும்ப ராத்திரி பத்தாகும். காலையில் ஓடையில் குளித்துவிட்டு வந்து குழாயை விட்டுப் பார்ப்பார். பச்சை! தினமும் பச்சை!

"கட்டுப்பாடு மாப்ளே, கட்டுப்பாடு!" என்று டீக்கடையில் சீட்டுக் கூட்டாளி பால்பாண்டியிடம் நெஞ்சை நிமிர்த்தினார்.

நாற்பது நாள் இப்படிப் போனது. ஆயுத பூஜை வந்தது. வீட்டுப் பேட்டரிக்குத் தன் கையாலேயே மூன்று சந்தனப் பொட்டு வைத்தார். மறுநாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால், மிதவை பச்சையில் நிற்கிறது, பொட்டைக் காணோம். சந்தேகத்தோடு போய் ஜீப்பின் பானெட்டைத் தூக்கினார். மூன்று பொட்டும் அங்கே இருந்தன. குழாயை விட்டார். மிதவை சிவப்பில் விழுந்தது.

"ஏ அன்னக்கொடி! என்னடி இது?"

"நீங்க குளிக்கப் போனதும் நானும் பக்கத்து வீட்டுக் குருவம்மாளும் மாத்தி வச்சிருவோம். ராத்திரி எறங்குனது ஜீப்புக்கு, பகல்ல ஏறுனது வீட்டுக்கு. நீங்களே மலை ஏறி எறங்கி சார்ஜ் பண்ணிக் கொண்டாந்துர்றீக."

இரண்டும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை, பார்வைக்கு வித்தியாசமில்லை. பேட்டரி தேயும் என்று சாவி திருகாமல், சரிவில் நிறுத்தி உருட்டியே வண்டியைக் கிளப்புகிற மலைப் பழக்கம் அவருடையது. அது காலியா நிறைவா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"தினம் சிவப்பு வரைக்கும் எறக்கிருக்க! பாதிதான் சட்டம். உசுரே போனாலும் பாதிதான்!"

"நானும் அதத்தாங்க சொல்றேன். ஒரு கொடத்துல மொண்டா அடி தட்டும். அதே தண்ணிய ரெண்டு கொடத்துல மொண்டா, ரெண்டும் பாதியில நிக்குமா நிக்காதா?"

"நிக்கும்" என்றார், யோசிக்காமல்.

"அப்ப ரெண்டு பேட்டரியையும் வீட்டுலயே சேத்து மாட்டிருங்க. மூணு மணி நேரம் எரிச்சாலும் உங்க சட்டம் நெலைக்கும். ஜீப்புதான் உருட்டுனாலே ஓடுதே?"

எதிர்த்துப் பேசினால் தன் சட்டத்தையே எதிர்த்ததாகும். உக்கிரபாண்டி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

அன்றிலிருந்து மிதவை பாதிக்குக் கீழே ஒரு நாளும் இறங்கவில்லை. டீக்கடையில், "நான் சொன்ன சொல்லு சொன்னதுதான் மாப்ளே!" என்று இன்னும் சவடால்தான். என்ன, பேட்டரி இல்லாத ஜீப்பில் ஹாரன் வேலை செய்யாததால், போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் தலையை வெளியே நீட்டி, "பாம்! பாம்!" என்று அவரே கத்திக்கொண்டு போக வேண்டியதாயிற்று.