அவசர வழி

முதல் பந்தி முடிவதற்குள் மூன்றாவது ஆளும் வேட்டியைச் சரிசெய்தபடி பின்கதவு வழியாக உள்ளே வருவதைப் பார்த்ததும் ஐயாசாமி ஓடிப்போய்ப் பின்சுவரை எட்டிப் பார்த்தார்.

கணபதி பகுதியில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்துக்கு அவர்தான் மேனேஜர். போன தடவை வந்த தீயணைப்பு அதிகாரி பின்கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துவிட்டுக் குதித்திருந்தார். ஆபத்தில் ஜனம் தள்ளியதும் கதவு திறக்க வேண்டும், பூட்டே கூடாது, மேலே பலகை வேண்டும், இல்லாவிட்டால் லைசென்ஸ் கிடையாது என்றார். லைசென்ஸ் போனால் நீயும் போ என்றார் முதலாளி. அந்த அதிகாரி இன்று மறுபடி வருகிறார்.

ஐயாசாமி பூட்டைக் கழற்றினார். சிவப்பில், கொட்டை எழுத்தில், 'அவசர வழி' என்று பலகையும் மாட்டினார். வயிறு முட்டச் சாப்பிட்ட ஜனம் எந்த அவசரத்தை நினைக்கும் என்று அதை மாட்டிய மகானுக்குத் தோன்றவே இல்லை. பின்சுவர் நனைந்துகொண்டே இருந்தது.

சாக்பீஸை எடுத்துப் பலகைக்குக் கீழே 'தீப்பிடித்தால் மட்டும்' என்று எழுதினார். அதையும் படித்துவிட்டு ஒரு பெரியவர் கதவைத் தள்ளினார். ஐயாசாமி மறித்தார்.

"ஏனுங்க, படிச்சீங்கல்ல?"

"படிச்சேன் கண்ணு. எனக்குந் தீப்புடிச்ச மாதிரித்தான் எரியுது. நகரு."

இது சரிப்படாது என்று பழைய பூட்டைத் தேடியெடுத்துப் பூட்டிவிட்டு நிமிர்ந்தால், வாசலில் ஜீப்.

அதிகாரி இறுகிய முகத்தோடு வந்தார். ஐயாசாமியின் வணக்கத்தைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. பலகையை அண்ணாந்து பார்த்தார். நேராக வந்து கதவைத் தள்ளினார். பூட்டைக் கண்டதும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"தெறங்க. உடனே."

ஐயாசாமி இடுப்பிலிருந்த சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். கதவு திறந்ததும் அதிகாரி விறுவிறுவென்று வெளியே போனார். அந்தச் சுவரைப் பார்க்கப்போகிறார், வேலை போச்சு என்று ஐயாசாமி கும்பிடாத சாமியில்லை.

திரும்பி வந்தவர் முகமோ பளிச்சென்று இருந்தது. இந்தக் கதவுக்கு இனி எந்தக் காலத்திலும் பூட்டுப் போடாதே என்றார். பலகையை இன்னும் பெரிதாக, வாசலிலிருந்தே தெரிகிற மாதிரி எழுதச் சொன்னார். எல்லாம் சரியென்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்தார்.

ஐயாசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. ஜீப் டிரைவர் மாசாணத்துக்குக் காபியைக் கொடுத்து, "உள்ள வந்ததும் மொத வேலையா வழியச் சோதிச்சாருங்க. அதுதானுங்க கடமை!" என்றார்.

மாசாணம் ஒரு வாய் குடித்தார்.

"சோதனைங்களா? ஆனைமலைல மூணு எளநி குடிச்சாருங்க. உக்கடத்துலிருந்தே ஐயாவுக்கு அவசரமுங்க."