மூன்று ஊதல்களும் ஒத்துப்போன கதை

மூச்சுப் பரிசோதனை அறையின் கதவில் விதி தெளிவாகவே ஒட்டப்பட்டிருந்தது: 'நோயாளி மூன்று முறை ஊத வேண்டும். ஒவ்வொரு முறையும் முழு பலத்தோடு ஊத வேண்டும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.'

நில அளவை அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டு குப்பை கொட்டியவன் நான். ஒரு வரப்பை மூன்று முறை அளந்து மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் கோப்பைத் தூக்கி வீசுவேன். (வீசியதைப் பொறுக்கியதும் நானேதான்.) எனவே மூன்றாம் வாக்கியத்தைப் பார்த்ததும் இரண்டாம் வாக்கியம் என் கண்ணுக்கு மறைந்துவிட்டது.

2009-இல் ஓய்வு பெற்று கடலூர் முதுநகரில் இருந்தேன். மூச்சை இழுத்தால் விசில் சத்தம். "குக்கர எறக்குங்கம்மா" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வரும். ஆஸ்துமா என்று கொடுத்த இன்ஹேலரால் ஆறு மாதமாகியும் பயனில்லை. "கோளாறு நெஞ்சுல இல்லாம தொண்டைப் பக்கம் இருக்கலாம். சிதம்பரம் பெரியாஸ்பத்திரிக்குப் போயி ஊதிப் பாருங்க. மூச்சுக் குழாய் சுருங்கியிருந்தா ஆபரேஷன்தான்" என்றார் உள்ளூர் மருத்துவர்.

மனைவி சரோஜாவும் அவள் தம்பி தனசேகரும் உடன் வந்தார்கள். பரிசோதனை செய்யும் பெண் என் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்தாள்.

"ஐயா, ஒரே மூச்சா ஊதணும். அப்பறம் அதே வேகத்துல உள்ள இழுக்கணும். ம்... ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க! விடாதீங்க!"

"ஊது மாமா!" என்று தேர் வடம் பிடிப்பவன்போல் கத்தினான் தனசேகர்.

நான் அசரவில்லை. முதல் முறையே முழு பலத்தையும் காட்டினால் மூன்றாம் முறை குறைந்துவிடும், கணக்கு ஒத்துப்போகாது. ஆகவே நடுத்தரமாக ஓர் ஊதலைத் தேர்ந்தெடுத்து, மனதுக்குள் எண்ணியபடி மூன்று முறையும் அதையே ஊதினேன்; அதேபோல் இழுத்தேன்.

"ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே உக்காந்திருக்கே!" என்று வியந்தாள் அந்தப் பெண். அது பாராட்டு என்று நம்பி, ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தாளைப் பார்த்ததும் அங்கிருந்த மருத்துவரின் முகம் மாறியது. மலைபோல் எழும்ப வேண்டிய கோடு செங்கல்போல் மேலும் கீழும் தட்டையாக இருந்தது. "மூச்சு போறப்பவும் வர்றப்பவும் ஒரே அடைப்பு. மேல எங்கயோ குழாய் நல்லா சுருங்கியிருக்கு. அட்மிட் ஆயிடுங்க."

சரோஜா அழ ஆரம்பித்தாள். தனசேகர் மேல்பட்டாம்பாக்கம் சொந்தங்களுக்கெல்லாம் போன் போட்டான். மாலைக்குள் ஒரு வேன் நிறைய ஆட்கள் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, என் கழுத்தைக் கடைசியாக ஒருமுறை பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

மறுநாள் அறுவைக்கு முன்னால் மூக்கு வழியாகக் கேமராவை விட்டார்கள். மருத்துவர் நெடுநேரம் தேடினார்.

"இதுல லாரியே போவலாமே! நேத்து எப்படிங்க ஊதுனீங்க?"

"மூணும் ஒத்துப்போறாப்ல அளந்து ஊதுனேன் சார்."

மருத்துவர் கேமராவை வெளியே இழுத்தார். பிறகு சரோஜா பேசினாள். "கழுத்த அறுக்கக் குடுக்கப் பாத்தீங்களே! இப்ப ஊதுங்க. அளந்தீங்கன்னா நானே அறுத்துருவேன்."

மறுபடி பரிசோதனை அறைக்குப் போய், பயத்தில் ஊதினேன். திரையில் மலை எழுந்தது. மலைச் சரிவில் லேசான பள்ளம். வெறும் ஆஸ்துமா. இன்ஹேலரை எப்படி இழுத்தேன் என்று கேட்டார்கள். செய்து காட்டினேன். ஆறு மாதமாக அதையும் அளந்துதான் இழுத்திருக்கிறேன்!

சும்மா இருந்திருக்கலாம். அறிவிப்பின் இரண்டாம் வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் போடவேண்டும் என்று மருத்துவமனைக்கு ஒரு மனுவும் இரண்டு நினைவூட்டல்களும் அனுப்பினேன். ஒரே வரியில் பதில்: 'மேற்படி அறிவிப்பால் தங்களைத் தவிர எவரும் பாதிக்கப்பட்டதாகத் தகவல் இல்லை.'

அந்தப் பதிலை மறுநாள் போகியில் எரித்துவிட நினைத்தேன். சரோஜா முந்திக்கொண்டு சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் தனசேகர் அதை உரக்கப் படிக்கிறான், 'பதில் வந்த நாள்: 13.01.2011' என்ற என் கையெழுத்துக் குறிப்பு உட்பட.