படத்தில் விட்டுப்போன வீடு

நல்லெண்ணம் கொண்டவர்களிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும். ஏனெனில் அந்த நல்லெண்ணக்காரன் நானே.

எண்பதுகளின் பிற்பகுதியில், சமூகவியல் பட்டமும் ஒரு வரைபலகையுமாக, ஓசூர் வட்டாரத்தைப் பற்றிய என் முதல் பயண நூலுக்குப் புறப்பட்டேன். எழுத்தும் படமும் நானே. 'என் பென்சிலால் எவருக்கும் தீங்கு நேராது' என்று முன்னுரையில் எழுதியும் வைத்திருந்தேன். (நூலில் அதுவரை முன்னுரை மட்டுமே இருந்தது.)

உத்தனப்பள்ளிக்கு அப்பால் ஒரு சிற்றூர். பாறைக் குன்று, அடிவாரத்தில் ராகி வயல், பத்துப் பன்னிரண்டு ஓட்டு வீடுகள். நடுவே ஒன்று மட்டும் புதுத் தகரக் கூரையோடு பளபளத்துக் கண்ணை உறுத்தியது. ஒற்றைக் கண்ணை மூடி, கையை நீட்டி, பென்சிலால் குன்றையும் வீடுகளையும் அளந்து வரைந்தேன். தகர வீட்டை விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு புளியமரம் வைத்தேன். படம் பிரமாதமாக அமைந்தது.

ஒன்றை மட்டும் நான் எண்ணிப் பார்க்கவில்லை. தொழிற்சாலைக்கு நிலம் எடுக்க வந்தவர்களும் அப்போது இப்படித்தான் பலகையோடு வந்து, ஒற்றைக் கண்ணை மூடி அளந்துவிட்டுப் போவார்கள். பின்னாலேயே எல்லைக்கல் வரும்.

நிமிர்ந்தபோது பாதி ஊர் நின்றது. தகர வீட்டுக்காரரான வெங்கடம்மா படத்தில் விரலை ஊன்றினார்.

"எங்கூடு எங்க சார்?"

பொய் சொல்வதில்லை என்பது என் கொள்கை. "அழகா இல்லைன்னு விட்டுட்டேம்மா."

அவர் முகம் வெளிறிவிட்டது. போன மாதம்தான் கூரை மாற்றினார்களாம். பின்னாலிருந்து ஒருவர் தெலுங்கில் ஏதோ சொல்ல, இன்னொருவர் என் பையை எடுத்துத் தம் பக்கம் வைத்துக்கொண்டார். இது வெறும் புத்தகப் படம்தான் என்று அரைமணி நேரம் விளக்கினேன். ஷிப்டு முடிந்து சீருடையோடு வந்த வெங்கடம்மாவின் கணவர் நாராயணப்பா, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"எங்க கம்பெனியும் மொதல்ல படமாத்தான் சார் வந்துச்சு. அதுலயும் ஊடு இல்ல, மரந்தான் இருந்துச்சு."

புளியமரத்தை அழித்து வீட்டை வரைந்தேன்.

"ஜன்னல் ரெண்டு. ஒண்ணுதான் போட்டிருக்க," என்றார் வெங்கடம்மா. ('சார்' போய்விட்டதைக் கவனியுங்கள்.)

ஜன்னல் போட்டேன். அடுத்த வீட்டுக்காரர் மாட்டுக் கொட்டகையைக் கேட்டார்; அதற்கடுத்தவர் வைக்கோற்போரை. ஒருவர் கோழிக்கூண்டைக்கூட விடவில்லை. இடம் போதாமல் குன்று மூலைக்கு ஒதுங்கியது. இறுதியாக, நாராயணப்பா சொல்லச் சொல்ல, 'இவை அனைத்தும் இங்கேயே இருக்கின்றன' என்று அடியில் எழுதிக் கையெழுத்திட்டேன். (முத்திரை இல்லையே என்று ஒருவர் குறைப்பட்டார்.)

வெங்கடம்மா படத்தை வாங்கி மடித்துக்கொண்டார். "இது எங்ககிட்டயே இருக்கட்டும். நீ வேற போட்டுக்க."

பை திரும்பக் கிடைத்தது. ராகிக் களியும் கிடைத்தது. படத்தை வீட்டில் நினைவிலிருந்து மீண்டும் வரைந்தேன். குன்றைவிடக் கூரை ஏன் பெரிதாக இருக்கிறது என்று பதிப்பாளர் கேட்டார். அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்றேன். முன்னுரையில் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டேன்.

இதை என் மனைவியிடம் சொன்னதுதான் அடுத்த பிழை; அவள் மகளிடமும் சொல்லிவிட்டாள். இன்றும் நான் கடையிலிருந்து திரும்பினால், என் மகள் பைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்கிறாள்:

"அப்பா, கொத்தமல்லி எங்க? அழகா இல்லைன்னு விட்டுட்டீங்களா?"