சுவர் இல்லாத கேட்டு

எங்கள் திருவண்ணாமலைக்கு வந்த வெள்ளைக்காரர்களில், சாமியைத் தேடாமல் மாட்டைத் தேடினவர் ஒரே ஒருத்தர்தான். இதை எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன். செங்கம் ரோட்டில் முப்பது வருஷம் பால் ஊற்றினவள் நான். மொட்டை அடித்த வெள்ளைக்காரர், ஜடை வளர்த்த வெள்ளைக்காரர், வாயே திறக்காத வெள்ளைக்காரர், வெறுங்காலில் மலையைச் சுற்றி வந்து கொப்புளத்தைப் பார்த்து அழுத வெள்ளைக்காரர் என்று எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. மாட்டுக்குப் பின்னால் நின்று கால் மணி நேரம் மடியைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டவர் அவர் மட்டும்தான்.

அவர் பேர் நம் வாயில் நுழையாது. தெருவில் எல்லாரும் வைத்த பேர் பரவால்ல சாமி. ஏன் அந்தப் பேர் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஊர் அயர்லாந்து. நான் ஒரு தடவை தெரியாமல் "இங்கிலீஷ்காரரு"ன்னு சொல்லிவிட்டேன். மனுஷர் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. "எங்களையும் அவங்கதான் ஆண்டாங்க"ன்னு சொன்னாராம். என் மகன் சேகர் ஆட்டோ ஓட்டுகிறவன், வெள்ளைக்காரர்களோடு பேசிப் பேசி இங்கிலீஷ் வந்தவன், அவன்தான் எனக்கு எடுத்துச் சொன்னான். "அப்போ நாம எல்லாம் ஒரே கட்சி"ன்னு சொல்லுடான்னேன். அன்றைக்கே சிநேகிதம் ஆகிவிட்டது.

அவருடைய அக்கா ஆசிரமத்தில் கண்ணை மூடி உட்கார வருஷா வருஷம் வருகிறவர். துணைக்கு வந்த இவரையும் ஒரு நாள் உட்கார வைத்தாராம். இவர் கண்ணை மூடினால் உள்ளே மாடுதான் வந்ததாம். எழுந்து வாடகை சைக்கிள் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கு ஊரில் அறுபது மாடு. மார்கழிக் குளிரில் அங்கே மாடெல்லாம் கொட்டகைக்குள் போய்ப் பால் வற்றிவிடுமாம். தம்பி பார்த்துக்கொள்வாராம். மாசி பிறந்தால் அறுபதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கன்று போட ஆரம்பிக்குமாம். அதற்குள் இவர் ஓடிப்போய்விட வேண்டும்.

சைக்கிளில் வரும்போது எதிரே யார் வந்தாலும், ஹாண்டில்பாரிலிருந்து ஒரே ஒரு விரலை மட்டும் தூக்குவார். அவர்கள் ஊரில் விவசாயிக்கு விவசாயி வணக்கம் சொல்வது அப்படித்தானாம். நம் ஊரில் ஒரு விரலைத் தூக்கினால் என்ன ஆகும்? வந்த ஆட்டோவெல்லாம் நின்றது. டீக்கடைக்காரர் பதறிப்போய், "அந்தப் பக்கம் மறைவா போ சாமி, இங்க பொம்பளைங்க இருக்காங்க"ன்னு பக்கத்துச் சந்துப் பக்கம் கையைக் காட்டினார். இவர் அதற்கும் ஒரு விரலைத் தூக்கி நன்றி சொன்னார்.

முதல் நாள் என் கொட்டகைக்கு எதிரே சைக்கிளை நிறுத்தினார். என் ராணியைப் பார்த்தார். ராணி செவலை, ஜெர்சி கலப்பு, இரண்டு வேளைக்கும் சேர்த்துப் பத்து லிட்டர் கறக்கிறவள். அவளைப் பார்க்க வேலூரிலிருந்து ஆள் வந்திருக்கிறது. இவர் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார், சுற்றி வந்தார், விலாவில் கட்டை விரலால் அமுக்கினார். கடைசியாக ஏதோ முனகினார்.

"என்னடா சொல்றாரு?"

சேகர் தலையைச் சொறிந்தான். "பரவால்லைன்னு சொல்றாரும்மா."

"என்னாது? என் ராணியைப் பாத்தா பரவால்லைன்னாரு? பத்து லிட்டரு கறக்கறான்னு சொல்லுடா!"

சொன்னான். அவர் யோசித்துவிட்டு அந்தச் சொல்லையே தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அழுத்தந்திருத்தமாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "பரவால்ல."

எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது. ஆனால் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். வந்து தெருவிலேயே நிற்பார். உள்ளே வா என்றாலும் வரமாட்டார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையில் விடுவார், எடுப்பார், முதுகில் கட்டுவார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

நாலாம் நாள் மூணு சக்கர வண்டியில் ஒரு இரும்புக் கேட்டு வந்து இறங்கியது. பழைய இரும்புக் கடையில் வாங்கியிருக்கிறார். இரண்டு கல்தூண். கடப்பாரையை அவரே பிடித்துக் குழி தோண்டி, தூண் நட்டு, கேட்டை மாட்டி, தாழ்ப்பாளுக்கு எண்ணெயும் விட்டார். என் கொட்டகைக்குச் சுவரும் கிடையாது, வேலியும் கிடையாது. வெட்டவெளியில் கேட்டு மட்டும் தன்னந்தனியாக நின்றது.

"சுவரு எங்கேன்னு கேளுடா."

"சுவரு எதுக்குன்னு கேக்கறாரும்மா."

"அப்போ கேட்டு எதுக்காம்?"

"சாஞ்சு நின்னு பேசறதுக்காம். கேட்டு இல்லாம மாட்டுக்காரங்க எப்படிம்மா பேசுவாங்கன்னு கேக்கறாரு."

தெருவே திரண்டு வந்து பார்த்தது. எதிர்த்த வீட்டு ராஜாம்பாவும் மாடு வைத்திருக்கிறவள்தான். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "என்னாக்கா, ரோட்டை வளைக்கிறியா?"

"வளைக்கறவ சுவரு கட்டுவாளா, கேட்டு போடுவாளாடி?" என்றேன். எனக்கே அதற்கு மேல் தெரியாது.

அன்றிலிருந்து மனுஷர் மாறிவிட்டார். கேட்டின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, ஒரு காலைக் கீழ்க்கம்பியில் வைத்தால் ஒரு மணி நேரம் நகரமாட்டார். என்னையும் உள்பக்கம் அதே மாதிரி சாயச் சொன்னார். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. இடுப்பு வலிக்கு நல்லது.

பேச்சு என்ன பேச்சு என்கிறீர்கள்? எல்லாம் சேகர் வழியாகத்தான். மலையைப் பார்ப்பார். "மழை வருமாம்மா?" என்பார். "வராது" என்பேன். "வராமலும் போகலாம்" என்பார். பிறகு வைக்கோலைப் பற்றிப் பேச்சு. பிறகு மறுபடியும் மழை. ஒரு நாள் சேகருக்கே பொறுக்கவில்லை. "உங்க ஊர்ல மாட்டுக்காரங்கல்லாம் என்னதான் பேசுவீங்க?"ன்னு கேட்டே விட்டான். பதிலை அவன் எனக்குச் சொன்னபோது அவனுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

"நாலு பேரு கேட்டு மேல சாஞ்சு ஒரு மாட்டையே பாத்துக்கிட்டு நிப்பாங்களாம்மா. கொஞ்ச நேரம் கழிச்சு ஒருத்தரு 'ம்'முன்னுவாராம். இன்னொருத்தரு 'காத்து மாறுது'ன்னுவாராம். மூணாவது ஆளு 'ஆமா'ன்னுவாராம். அப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்களாம்."

"நாலாவது ஆளு?"

"அவருதான் ரொம்ப விவரம் தெரிஞ்சவராம். ஒண்ணுமே பேசமாட்டாராம்."

கேட்டுக்கு ஒரே ஒரு சட்டம். திறந்தால் மூட வேண்டும். ராணி கேட்டுக்குப் பக்கத்தால் போய்வருவாள், கோழி போகும், நாய் போகும். அதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. ஆனால் கேட்டைத் திறந்து வந்தவர் மூடாமல் போனால் தாங்கமாட்டார். போஸ்ட்மேன் ஒரு நாள் மரியாதைக்குக் கேட்டு வழியாக வந்துவிட்டு அப்படியே போனார். "கேட்டை மூடு!" என்று ஒரு குரல் வந்தது பாருங்கள், போஸ்ட்மேன் கையிலிருந்த கடிதம் கீழே விழுந்தது. பரவால்ல சாமி முழுசாகப் பேசின முதல் தமிழ் அதுதான்.

இரண்டாம் வருஷம் அவர் வந்திருந்தபோது வேங்கிக்கால் பக்கம் மாட்டு முகாம் போட்டார்கள். ஊசி போடுவார்கள், நல்ல கிடாரிக்குப் பரிசும் உண்டு. பரிசு ஒரு எவர்சில்வர் பால் கேன். கேனுக்கு எனக்கு வக்கில்லாமல் இல்லை. ஆனால் போன இரண்டு தடவையும் ராஜாம்பாதான் வாங்கியிருந்தாள். இரண்டு கேனையும் கழுவிக் கழுவி, என் கண்ணில் வெயில் அடிக்கிற மாதிரி வாசலில் கவிழ்த்து வைப்பாள். மூணாவது கேன் அந்த வாசலுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான் என் ஆசை.

ராணியின் கிடாரி சின்ன ராணியைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, கண் படாமல் இருக்கக் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டி ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவள் பெருமையைப் பேசிக்கொண்டே போனேன். பரவால்ல சாமியும் கூட வந்தார். அறுபது மாடு வைத்திருக்கிறவர் என்று தெரிந்ததும் முகாம் டாக்டர் அவருக்கு நாற்காலி போட்டு, "நீங்களும் பாத்து உங்க அபிப்பிராயத்தைச் சொல்லுங்க"ன்னுவிட்டார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நம்ம ஆள் ஆச்சே!

ராஜாம்பாவின் கிடாரியிடம் போனார். இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். அழகு என்றார், அருமை என்றார், இப்படி ஒரு வாலைப் பார்த்ததே இல்லை என்றார். சேகர் சொல்லச் சொல்ல ராஜாம்பா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நெளிந்தாள். பிறகு சின்ன ராணியிடம் வந்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். முகாமில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, தமிழிலேயே சொன்னார்.

"பரவால்ல."

கேன் ராஜாம்பாவுக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு பூட்டைத் தேடி எடுத்தேன். கேட்டைச் சாத்திப் பூட்டினேன். "இனிமே அந்த ஆளு என் வாசப்படி மிதிக்கக் கூடாது"ன்னேன்.

சேகர் கேட்டையும் பார்த்தான், இரண்டு பக்கமும் திறந்து கிடக்கிற வெளியையும் பார்த்தான். "ம்மா, அவரு பக்கத்தால வந்துட்டா?"

"வரட்டும், பாக்கறேன்."

வரவில்லை! அதுதான் அதிசயம். மறுநாள் காலை வந்தார், பூட்டைப் பார்த்தார். சைக்கிளை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டுக்கு வெளியே நின்றார். சாயக்கூட இல்லை. இரண்டடி தள்ளிக் கால் வைத்தால் உள்ளே வந்துவிடலாம். வைக்கவில்லை. பூட்டின கேட்டு பூட்டின கேட்டுதான் அவருக்கு. தெரு நாய் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்தால் உள்ளே வந்து படுத்தது. ஒன்பது நாள் இப்படி. நான் முதுகைக் காட்டிக்கொண்டு சாணி தட்டினேன். அவர் மலையைப் பார்த்து, தனக்குத் தானே, "மழை வரலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

பத்தாம் நாள் காலை பத்து மணி இருக்கும். ராணிக்கு வலி எடுத்தது. நிறைமாதம்தான், நாளும் சரிதான். ஆனால் குளம்பு ஒன்றுதான் தெரிந்தது. இரண்டாவது காலைக் காணோம். ராணி படுத்தாள், எழுந்தாள், என்னைப் பார்த்துக் கத்தினாள். சேகர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு மாட்டு டாக்டரைத் தேடிப் போனான். டாக்டர் ஏதோ கிராமத்துக்குப் போயிருந்தார். நேரம் போகப் போக ராணி முக்குவது கம்மியாகிக்கொண்டே வந்தது. என் வீட்டில் அடுப்பு எரிவது அவளால்தான். அவளும் போய், வயிற்றில் இருக்கிறதும் போனால்?

திரும்பிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே அவர் நிற்கிறார். கழுத்து நரம்பு புடைக்க எட்டிப் பார்க்கிறார். ஆனால் நிற்கிறார்.

"வாய்யா உள்ளே!"

பூட்டைக் காட்டினார்.

இடுப்பில் தேடினேன், உறியில் தேடினேன், சாவியைக் காணோம். "சுத்திக்கிட்டு வாய்யா! பக்கத்துலதான் வழி இருக்குதே!" என்று கையைக் காட்டிக் கத்தினேன்.

அறுபது வயசு மனுஷர், ஆறடி உயரம். பக்கத்தில் இருந்த வழியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கீழ்க்கம்பியில் கால் வைத்தார், நடுக்கம்பியில் வைத்தார், கேட்டின் மேல் ஏறிக் காலை அந்தப் பக்கம் போட்டு, பேண்ட் டர்ரென்று கிழிய, இந்தப் பக்கம் குதித்தார். நான் அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். ராணி போகிற நேரத்தில் இப்படிச் சிரிக்கிறாளே என்று ராஜாம்பா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆள். சட்டையைக் கழற்றினார், தோள் வரைக்கும் சோப்புப் போட்டார், சாணியிலேயே படுத்து மெதுவாகக் கையை உள்ளே விட்டார். ராணியிடம் ஏதோ அவர் ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டே இருந்தார். அவளும் கேட்டுக்கொண்டே இருந்தாள். மடங்கிக் கிடந்த காலை நிமிர்த்தி எடுத்தார். பிறகு அவள் முக்கும்போது மட்டும் இழுத்தார், அவள் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூச்சு இல்லை. ஒரு வைக்கோலை எடுத்து அதன் மூக்குக்குள் விட்டுக் குடைந்தார். ஒன்றுமில்லை. மறுபடியும் குடைந்தார். கன்று தும்மியது!

கிடாரிக் கன்று. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ராணி எழுந்து நக்க ஆரம்பித்தாள்.

"எப்படிய்யா இருக்கு?" என்று கேட்டேன்.

தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். கண்ணிரண்டும் நிறைந்து நின்றது.

"பரவால்ல" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேகர் டாக்டரோடு வந்து சேர்ந்ததும் முதல் காரியமாகக் கேட்கச் சொன்னேன். ராஜாம்பா மாட்டை மட்டும் ஏன் அப்படித் தூக்கி வைத்துப் பேசினார்?

அவர் சாணிக் கையோடு கூச்சப்பட்டார். "பாவம், அந்தக் கிடாரியைப் பத்திச் சொல்ல வேற ஒண்ணும் இல்லையே. அந்தம்மா மனசு கோணக் கூடாதுன்னு வாயால புகழ்ந்தேன். நல்ல மாட்டை யாராவது வாய்விட்டுப் புகழ்வாங்களா? எங்க ஊர்ல செய்யவே மாட்டோம். அதுக்கு ஆகாது."

நான் சின்ன ராணியைப் பார்த்தேன். அவள் கழுத்தில் நானே கட்டின கறுப்புக் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு கட்டத் தெரிந்த எனக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை. அயர்லாந்துக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

இதை ராஜாம்பாவிடம் இன்று வரைக்கும் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் அந்தக் கேன்களைக் கழுவும்போது நாக்கு துறுதுறுவென்று வரும். அடக்கிக்கொள்வேன்.

சாவி வைக்கோல் போரில் கிடைத்தது. பூட்டை எடுத்துக் கிணற்றில் போட்டேன். அதற்குப் பிறகு ஆறு வருஷம் வந்தார். கடைசி வருஷம் முட்டி வலி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார். கிளம்புகிற அன்றைக்குக் கேட்டில் ரொம்ப நேரம் சாய்ந்து நின்றோம். "காத்து மாறுது" என்றார். "ஆமா" என்றேன். சேகருடைய ஆட்டோவில் ஏறிக்கொண்டு, வெளியே கையை நீட்டி ஒரு விரலைத் தூக்கினார். நானும் தெருவில் நின்று ஒரு விரலைத் தூக்கினேன். பின்னால் வந்த ஆட்டோ நின்று, "எங்கம்மா போவணும்?" என்று கேட்டது.

இப்போது என் கொட்டகையைச் சுற்றி எல்லாம் மாடி வீடு. சேகர் சுவர் கட்டலாம் என்கிறான், நான் விடவில்லை. கேட்டு அப்படியே நிற்கிறது. நானும் அதைத் திறந்துதான் போகிறேன், மூடிவிட்டுத்தான் வருகிறேன்.

புதுசாகக் குடிவந்தவர்கள் கேட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இதை வைத்த வெள்ளைக்காரர் எப்படிப்பட்ட மனுஷர் என்று கேட்பார்கள். நான் தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, பரவால்ல என்பேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லமாட்டேன். தூர தேசத்தில் இருக்கிற மனுஷர், கண் பட்டுவிடும்.