பொருத்தம் அண்ணனும் பச்சைப் புள்ளியும்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். கல்யாணங்களில் போட்டோகிராபருக்கு லைட் பிடிப்பது வேலை. நாலு பேர் பார்த்தால் லைட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது வழக்கம். இப்படிப்பட்டவன் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னித்துவிடுங்கள். ஆனால் தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை தேடினாலும் பொருத்தம் அண்ணனைப் போல் இன்னொருவர் கிடைக்கமாட்டார். அதை யாராவது எழுத வேண்டாமா?

பெருங்களத்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கேமராவோடு யார் வந்தாலும் வணக்கம் சொல்லமாட்டார். லென்ஸைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்ப்பார். பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸுக்குச் சொந்த மோட்டார் கிடையாது. கேமரா பாடியில் இருக்கும் மோட்டார்தான் ஒரு சின்னத் திருகாணி வழியாக அதைச் சுழற்ற வேண்டும். விலை குறைந்த பாடிகளில் அந்தத் திருகாணி இருக்காது. அண்ணன் தேடுவது அதைத்தான்; பொருத்தம் என்ற பெயரும் அப்படி வந்ததுதான்.

ஒருமுறை மேடவாக்கத்திலிருந்து ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருவர் புது கேமராவும் பழைய லென்ஸும் கொண்டுவந்தார்.

"மாட்டுது அண்ணா, ஃபோகஸ்தான் ஆகல."

"எப்டி ஆவும்? நீ செய், நான் செய்யமாட்டேன்னு ரெண்டும் குந்திக்கினு கீது. பொருத்தம் பாக்காம யாரு இதுங்கள சேத்து வெச்சது?"

"அப்போ பிரிச்சிடவா?"

"இன்னாத்துக்கு? கையால சுத்து சார். குடும்பம்னா ஒருத்தராவது வேலை செய்யணும்ல?"

அப்பேர்ப்பட்டவருக்கு, மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் கேமரா பாடி உயிரை விட்டது. இரவலாகக் கிடைத்த பாடியில் திருகாணி இல்லை. கூடவே அதற்குப் பொருந்தும் புது லென்ஸும் வந்திருந்தது. அண்ணன் அதைத் தொடவில்லை. தன் பழைய லென்ஸையே மாட்டினார்.

"ஊருக்கெல்லாம் பொருத்தம் பாத்துட்டு, நம்ம பொண்ணு கல்யாணத்துக்குப் பொருந்தாததை மாட்டுறீங்களே!" என்றார் அண்ணி.

"அந்தப் புதுசு நம்ம பொண்ண முன்னபின்ன பாத்துகீதா? இது அவ ஞானஸ்நானத்துலேர்ந்து பாத்துக்கினு கீது."



மகளைக் கைப்பிடித்து அழைத்து வர வேண்டியவர் அப்பா. அதனால் கேமரா என் கைக்கு வந்தது. அண்ணன் லென்ஸை ஒரு தூரத்துக்குச் சுழற்றி, நகராதபடி டேப் ஒட்டிவிட்டார். "நீ எதையும் சுத்தாத. நடுப்பாதையில நில்லு. நாங்க நடந்து வருவோம். அந்தத் தூரத்துக்கு வந்ததும் கேமரா உள்ள பச்சைப் புள்ளி எரியும், அப்போ அமுக்கு. இந்த ஒரு படம் போதும்பா எனக்கு."

சர்ச்சில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அப்பாவும் மகளும் வந்தார்கள். நான் நின்றதோ தூணுக்குப் பின்னால். புள்ளி எரியவில்லை.

அண்ணன் பாதி வழியில் நின்றுவிட்டார். பாட்டு முடிந்து திரும்ப ஆரம்பித்தது. மகளை அனுப்ப மனம் வரவில்லை என்று நினைத்துப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போதகர் கையசைத்துக் கூப்பிட்டார். அண்ணன் அசையவில்லை.

"அப்பா, நடப்பா," என்று மணப்பெண் கெஞ்சினாள்.

"இரும்மா. டேய்! வெளிய வாடா! அங்கேர்ந்து எப்டிடா எரியும்?"

சர்ச் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நடுப்பாதைக்கு வந்தேன். இன்னும் ஓர் அடி முன்னால் வைத்தேன். புள்ளி எரிந்தது. அமுக்கினேன். அண்ணன் ஒன்றுமே நடக்காதது போல மகளோடு நடந்து போனார்.

மறுநாள் காலை ஸ்டுடியோவில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மகளின் கண்ணிமை வரை தெளிவாக இருந்தது. அவளுக்கு ஓர் அடி பின்னால் நின்ற அண்ணன் மங்கலாக விழுந்திருந்தார். "கரெக்ட்டா கீது," என்று சொல்லி எனக்கு டீ வாங்கப் போனார்.