தோல் உரிக்கிற மரநாய்

அந்த ஞாயித்துக்கெழமை ஒரு முடிவெடுத்தேன். என் சம்சாரம் ஹலீமாவுக்கு மரநாயை நேர்லயே காட்டிப்புடறது. கண்ணால பாத்துட்டா வாயை மூடித்தானே ஆவணும்?

விசயம் இதுதானுங்க. ஏற்காட்டுல எனக்குப் பழக்கடை. சாதிக் பாஷான்னா ஏரிப்பக்கம் எல்லாருக்கும் தெரியும். எனக்குச் சர்க்கரை. வாழைப்பழத்தைத் தொடாதீங்கன்னுட்டார் டாக்டர். கடை பூரா மலைவாழைத் தார் தொங்குது, நடுவுல நான், தொடக் கூடாதாம்! எந்த ஊரு நியாயம் இது? விடியக்காலம் கடை தொறக்கையில ரெண்டு பழம். சில நாள் நாலு. தார் மொட்டையாவறதைப் பாத்து ஹலீமா கேட்டா.

"மரநாய் புள்ள. எஸ்டேட்டுல இருந்து வருது."

"நான் ஒருநாளும் பாக்கலீங்களே?"

"ராத்திரி நடமாடற சீவன். நம்ம கண்ணுல படுமா?"

அவ நம்பல. அதான் பஸ் ஏறி மலைக்குக் கீழ இருக்கிற மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிட்டுப் போனேன். ராத்திரி விலங்குகளுக்குன்னு அங்க ஒரு கூடம் இருக்கு. பகல்லயே இருட்டாக்கி வெச்சிருப்பாங்க. ராத்திரின்னு நெனச்சு அதுங்க முழிச்சிருக்கும்.

"வாயில்லா சீவனையும் ஏமாத்தறாங்களா?"ன்னு என்னைப் பாத்துக் கேட்டா ஹலீமா.

உள்ளார மங்கலா ஒரு செவப்பு பல்பு. மொதக் கூண்டுல தேவாங்கு, கண்ணை உருட்டிட்டு உக்காந்திருந்துச்சு.

"சர்க்கரை டெஸ்ட்டுக்குப் போனா நீங்க இப்படித்தானுங்க முழிப்பீங்க."

அடுத்த கூண்டு மரநாய். அதைப் பராமரிக்கிற ஆளு, வெள்ளையன்னு பேரு, ஒரு வாழைப்பழத்தை வெச்சதுதான் தாமசம், பாஞ்சு வந்து கடிச்சுச்சு.

"பாத்தியா புள்ள! திங்குதா இல்லையா?"

"மொள்ளப் பேசுங்க சார்"ன்னான் வெள்ளையன்.

ஹலீமா அவங்கிட்ட நொம்ப மரியாதையாக் கேட்டா. "ஏனுங்க, இது தோலை உரிக்காதுங்களா?"

"எங்கம்மா? தோலோட கடிச்சுக் கொதறிப் போட்டுப் போயிருமுங்க."

"எங்க கடைக்கு வர்றது உரிச்சுத் தின்னுட்டு, தோலைக் குப்பைக்கூடையில போட்டுட்டுப் போவுதுங்களே?"

"அப்படி ஒண்ணு இருந்தா புடிச்சுக் குடுங்கம்மா, தனிக் கூண்டே கட்டிப்புடறோம்!"

யா அல்லா! பதினெட்டு வருசக் கடைப் பழக்கமுங்க அது. வாசல்ல தோல் கெடந்தா வாங்க வந்தவங்க வழுக்கி உழுவாங்கன்னு, கை தானாக் கூடைக்குப் போயிரும். திருடறப்பவாவது தூக்கி எறிஞ்சிருக்க வேண்டாமா? நல்லவேளை, இருட்டுல என் மொகம் தெரியல.

ஹலீமா செவுத்துல இருந்த ஒரு போர்டைப் போன்ல படம் புடிச்சா. வர்ற வழியெல்லாம் வீட்டுச் செலவுக் கணக்குதான் பேசினா. தப்பிச்சோம்டா சாமின்னு நெனச்சேன்.

மறுநாள் காலையில கடைச்சாவியைக் காணோம். அவ இடுப்புல இருந்துச்சு. என் தட்டுல அவிச்ச முட்டையில பாதி, வெள்ளரித் துண்டு, உப்பில்லாத கோழிக்கறி.

"என்ன புள்ள இது?"

"மரநாய்க்கு அங்க போடற சாப்பாடுங்க. போர்டுல எழுதியிருந்துச்சு. அதுக்கும் ஒடம்பு பெருத்துப்போச்சாம்."

போனை வாங்கிப் பாத்தேன். கடைசி வரியைப் படிச்சதும் எனக்கு உசுரு வந்துச்சு.

"ஞாயித்துக்கெழமை ஒரு வாழைப்பழம்னு போட்டிருக்கே புள்ள! அது எங்க?"

"அது அந்த மரநாய்க்குங்க. அது பொய் சொல்லல."